டிஸ்டிங்ஷனுக்கு ஒரு தாத்தா

1

நான் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் நிறைந்த நாளை ஜவ்வாது மலையில் கழித்தேன். காவலூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, என் தங்கை மகன் வேலுவின் வீட்டு முன்னறையில், கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்கு வலப்பக்கம் ஏழு புளி மூட்டை. இடப்பக்கம் ஐந்து சாமை மூட்டை. நடுவில் நான்.

இந்தப் பத்திரிகைக்கு அங்கிருந்து முப்பத்தொரு குறிப்புகள் எழுதியிருக்கிறேன். பனியைப் பற்றி நாலு, மருத்துவமனையில் காத்திருப்பதைப் பற்றி ஐந்து, அங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழைப் பற்றி ஒன்பது. மீதியெல்லாம் பொதுவான புலம்பல் என்று என் மருமகள் சொல்வாள். அவள் ஒன்றையும் படித்ததில்லை.

இது முப்பத்திரண்டாவது. என் பெயருக்குக் கீழே 'இங்கிலாந்திலிருந்து' என்று வழக்கமாகப் போடுவதை ஆசிரியர் தயவுசெய்து மாற்ற வேண்டாம். சட்டப்படி நான் இன்னும் அந்த ஊர்க்காரன்தான். நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டால்தான் அந்த அனுமதி காலாவதியாகும். எனக்கு இன்னும் இருபது மாதம் பாக்கி இருக்கிறது.

நான் இங்கே வந்ததற்கு நோய் காரணமில்லை. சொத்துத் தகராறு இல்லை. மகனோடு சண்டைகூட இல்லை. என் பேத்தி பள்ளியில் படிக்கும் தொழிற்கல்வி டிப்ளமாவில் ஒரு பாடக்கூறு, அதில் ஒரு டிஸ்டிங்ஷன். அதற்காக வந்திருக்கிறேன். இது புரியவேண்டுமானால் அந்த டிப்ளமா எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் புரிய இரண்டு ஆண்டு ஆனது.

2

அங்கே பதினாறு வயதில் நம்முடைய பத்தாம் வகுப்பு மாதிரி ஒரு தேர்வு. அதோடு பாதை பிரிகிறது. மூன்று பாடங்களை மட்டும் எடுத்து இரண்டு ஆண்டு ஆழமாகப் படித்துப் பரீட்சை எழுதுவது ஒன்று. தொழிற்கல்வி டிப்ளமா இன்னொன்று.

இந்த டிப்ளமா சட்டையைப் போலச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளில் கிடைக்கும். சின்னது ஒரு பாடத்துக்குச் சமம். அதை எடுத்துக்கொண்டு மற்றப் பாதையின் பாடங்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். நடுத்தரம் இரண்டுக்குச் சமம். பெரியது மூன்றுக்கும் சமம், அதை எடுத்தவள் வேறெதையும் படிக்க வேண்டியதில்லை. என் பேத்தி மதுமிதா எடுத்தது பெரியது. உடல்நலமும் சமூகப் பராமரிப்பும் என்பது அதன் பெயர். முடித்தால் செவிலியர் பட்டப்படிப்புக்குப் போகலாம்.

உள்ளே பாடம் என்று எதுவும் இல்லை, யூனிட் என்னும் பாடக்கூறுகள்தான். சில கட்டாயம், சில விருப்பம். கட்டாயமானவற்றில் சிலவற்றுக்கு வெளியிலிருந்து பரீட்சைத்தாள் வரும். மற்றவற்றை மாணவி ஒப்படைப்பாக எழுதித் தருவாள். அவளுடைய ஆசிரியை திருத்துவார். அவர் சரியாகத் திருத்தினாரா என்று இன்னோர் ஆசிரியர் பார்ப்பார். அந்த இருவரையும் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வருவார். இது போக ஒவ்வொருத்தியும் நூறு மணி நேரம் ஒரு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துக் காட்டவேண்டும்.

மதிப்பெண் கிடையாது. நானோ முப்பது வருடம் மதிப்பெண் போட்ட வாத்தியார்.

"நூத்துக்கு எத்தனைன்னு இல்லாம எப்படிம்மா?" என்று மதுவைக் கேட்டேன்.

"பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன். அவ்வளவுதான் தாத்தா."

"பெயில்?"

"பெயில்னு சொல்ல மாட்டாங்க. 'இன்னும் எட்டவில்லை'ன்னு சொல்வாங்க."

"எட்டாதவளுக்கு அது தெரியுமா?"

"தெரியும். அழுவா."

ஒவ்வொரு யூனிட்டுக்கும் வரையறைகள் உண்டு. பாஸுக்கான வரையறைகள் 'விவரி' என்று தொடங்கும். மெரிட்டுக்கு 'ஆராய்'. டிஸ்டிங்ஷனுக்கு 'மதிப்பிடு', 'நியாயப்படுத்து'. கீழே உள்ளவற்றை எல்லாம் நிறைவேற்றாமல் மேலே போகமுடியாது. பத்தில் ஒன்பதை நிறைவேற்றி ஒன்றை விட்டாலும் கீழ்ப்படிதான். ஒருமுறை திருத்தித் தர அனுமதி உண்டு, அதுவும் ஆசிரியை ஒப்புக்கொண்டால். பிறகு யூனிட்டின் அளவுக்குத் தகுந்தபடி புள்ளிகளாக மாற்றிக் கூட்டி இறுதித் தரம் போடுவார்கள். மது கேட்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று நானே கூட்டிப் பார்த்தேன். ஒரு யூனிட்டில் டிஸ்டிங்ஷன் வராவிட்டால் கணக்கு உதைத்தது. 'தனிநபரின் பராமரிப்புத் தேவைகளை நிறைவேற்றுதல்' என்ற யூனிட் அது.

அதற்கு ஒரு தனிநபர் வேண்டும்.

3

நான் கணக்கு வாத்தியாராக இருந்த மலைப்பள்ளியிலும் மேல்நிலையில் ஒரு தொழிற்பிரிவு இருந்தது. தமிழ், ஆங்கிலம், துணைக்கு ஒரு பாடம், பிறகு தொழிற்பாடத்தின் கருத்தியலும் செய்முறையும். எங்கள் பள்ளியில் தொழில் என்றால் வேளாண்மை. பத்தாம் வகுப்பில் குறைவாக வாங்கியவர்களை அந்தப் பிரிவில் போடுவோம். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் போட்டார்கள்.

மலைக்கிராமங்களின் தொகுதியை நாடு என்போம். அப்படி நெல்லிவாசல் நாட்டிலிருந்து ஒருவர் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் ஜீப்பில் தொற்றியும் வந்து என் முன்னால் நின்றார்.

"இன்னா சார், எம் பையனுக்கு இன்னா படிப்பு குட்துக்கிறீங்க?"

"வேளாண்மை."

"அது வூட்லயே கீதே சார்."

"செய்முறைக்கு நிறைய மார்க் வருங்க. சுலபமா பாஸ் ஆயிடுவான்."

நம்பாமல்தான் போனார். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாலு மணிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும். காலை பதினொன்றுக்குள் இருபத்தாறு பேரும் மாங்கன்றில் ஒட்டுக் கட்டி முடித்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் நல்ல மதிப்பெண். ஒட்டுப் பிடித்ததா என்று பார்க்க ஒரு மாதம் ஆகும். அதற்கு யாரும் வரவில்லை. பதினேழு கன்றுகள் பட்டுப்போயின. நாங்கள் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வருடத்துக்குப் புதுக் கன்று வாங்கினோம்.

அந்தத் தகப்பனார் மறுவருடம் சந்தையில் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "பாஸாய்ட்டான் சார். இப்ப ஏர் புடின்னா, நான் படிச்சவன்றான்."

பிள்ளைகள் சுலபமாகத் தேறவேண்டும் என்று அங்கேயும் இங்கேயும் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கன்றின் மேல் கத்தி வைத்தார்கள். மதுவின் டிப்ளமாவில் கன்று கிடையாது.

4

மது நூறு மணி நேரத்துக்குப் போன முதியோர் இல்லத்தில் அவள் வகுப்பு மாணவிகள் பதினொரு பேர். சம்மதம் சொல்லும் நிலையில் இருந்த முதியவர்கள் ஒன்பது பேர். முந்திக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது. மது பேருந்தைத் தவறவிட்டதால் பிந்திப் போனாள். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கறிவேப்பிலை தீர்ந்துபோன நாளில் என் மருமகள் சுதா தொட்டிச் செடியை அப்படித்தான் பார்ப்பாள்.

அடையாளம் தெரியக்கூடாது என்பது விதி. அதனால் நான் 'திரு. எக்ஸ்' ஆனேன். கணக்கில் மறைத்து வைத்த எண்ணைப் போலத்தான், கண்டுபிடித்து முடித்ததும் யாருக்கும் வேண்டியதில்லை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். போளூர், ஆரணி, வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பெரியவருக்கு மனத்தாங்கல் வந்தால், "நான் போறேன்" என்பார். பையையும் எடுப்பார். வீட்டில் இருப்பவர்கள் ஓடிவந்து பையைப் பிடுங்கவேண்டும். என் அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் என் அண்ணன் வீட்டில் பை எடுத்துக்கொண்டு சந்தவாசல் பேருந்து நிறுத்தம் வரை நடப்பார். அண்ணி பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். ஒருமுறை அண்ணி வர நேரமானபோது, வந்த பேருந்தை "அடுத்ததுல வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் வயதானபின் அதையே செய்தார்கள். சோறு வேண்டாம் என்பதும் அப்படித்தான். முதல் 'வேண்டாம்' மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்' சோதனை. மூன்றாம் முறை கேட்டால் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

இங்கிலாந்தில் பதினான்கு ஆண்டும் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பேசாம ஊருக்கே போயிடலாம்." முதலில் எல்லாம் என் மகன் குமரேசன், "எங்க போவீங்க, சும்மா உக்காருங்கப்பா" என்பான். அதுதான் பையைப் பிடுங்குவது. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மது சமையலறை மேசையில் கைப்பேசியைப் பதிவில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பல் எத்தனை, மாடி ஏறும்போது மூச்சு வாங்குமா, இரவில் எத்தனை முறை எழுவீர்கள் என்று கேட்டு எழுதினாள். பிறகு இந்தக் கேள்வி.

"தாத்தா, நீங்க எங்க இருக்க விரும்பறீங்க?"

"நான் இன்னாம்மா சொல்றது. ஊர்ப்பக்கம் போயிடலாம்னு பாக்கறேன். இங்க யாருக்கு நான் வேணும்?"

எழுதினாள். நான் காத்திருந்தேன்.

"ஓகே. அடுத்த கேள்வி."

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தாத்தா. அப்படியே எழுதிட்டேன்."

"அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலியே."

"நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்றதை மாத்தறதோ, உங்களுக்குப் பதிலா நான் முடிவெடுக்கறதோ தப்பு. அது உங்களை மதிக்காத மாதிரி."

நாலு வயதிலிருந்து பள்ளிக்கு நான் கைப்பிடித்துக் கூட்டிப்போன பெண். என்னை மதிக்க அவளுக்கு யாரோ மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

5

அடுத்த வரையறை, தனிநபருக்கு உதவக்கூடியவர்கள் யார் யார் என்று ஆராய்வது. மது வேலுவுக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வேலு மாமா, தாத்தா அங்க வந்து இருந்தா நீங்க பாத்துப்பீங்களா?"

"இன்னா பாப்பா இப்டி கேட்டுட்ட? அவரு வூடு பாப்பா இது. ராஜா மாரி வெச்சிக்க மாட்டேனா? நாளைக்கே ஏத்தி வுடு."

"எவ்வளவு நாள் முடியும்?"

"நாள் கணக்கெல்லாம் இன்னா பாப்பா? அவரு இருக்கிற வரிக்கும் இருக்கட்டும்."

"பாத்ரூம் வசதி?"

"எல்லாம் கீது."

அவன் பேசி முடிக்கும்போது பின்னால் ஒரு பாத்திரம் தரையில் பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அவன் மனைவி அஞ்சலை. எனக்கு அந்தச் சத்தத்திலேயே முழுப் பதிலும் கிடைத்துவிட்டது. மது அதை எழுதவில்லை. 'உறவினரின் உறுதியான ஆதரவு உண்டு' என்று எழுதினாள்.

வேலுவின் மேல் தப்பில்லை. போனில் ஒருவர் அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் வேறென்ன சொல்வார்கள்? "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொன்னவன் அதோடு உறவு முறித்துக்கொண்டவன்.

6

ஒப்படைப்பை முடித்ததும் என் சம்மதக் கையெழுத்துக்காக மது அதை என்னிடமே கொடுத்தாள். நாற்பத்திரண்டு பக்கம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்கதோஷம்.

திரு. எக்ஸ் எழுபத்துமூன்று வயதானவர். ஒவ்வொரு குறையையும் சராசரியாக மூன்று முறை சொல்கிறார். படிகளை, மாத்திரைகளை, மற்றவர்கள் குளியலறையில் இருக்கும் நிமிடங்களை எண்ணுகிறார். இந்த எண்ணும் பழக்கம் தனிமையைச் சமாளிக்கும் வழியாக இருக்கலாம். நல்ல ஆங்கிலம். இருபது பக்கத்தில் ஆறே பிழை. பெருமையாகக்கூட இருந்தது.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியத்தில் காற்புள்ளி தவறான இடத்தில் இருந்தது. வட்டமிட்டு, சரியான இடத்தில் போட்டு, மறுபடி வாசித்துப் பார்த்தேன். 'திரு. எக்ஸ் பலமுறை தானாகவே வெளிப்படுத்திய விருப்பத்தின்படி, அவருடைய மொழியும் உணவும் உறவும் உள்ள மலைப்பகுதிக்கு அவரை மாற்றுவது, அவருக்கு மட்டுமன்றி இப்போது அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரின் சுமைக்கும் தீர்வாகும்.' இப்போது வாக்கியம் தெளிவாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மது சொன்னாள்: "மிஸ் சொன்னாங்க, பேப்பர்ல மட்டும் திட்டம் போட்டாலும் போதும்தான். ஆனா நிஜமா செஞ்சு, அப்புறம் ரிவியூ பண்ணினா எவிடன்ஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்."

அவள் ஏதோ செய்முறைக்குச் சொல்கிறாள் என்று குமரேசன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவான் என்று பார்த்தேன்.

"மூணு மாசம் போய்ப் பாருங்களேன்ப்பா," என்றான். "நீங்களே எத்தனை வருஷமா கேக்கறீங்க."

"அதெல்லாம் எதுக்கு? வீண் அலைச்சல்," என்றேன். முதலாவது.

"அலைச்சல் ஒண்ணும் இல்ல மாமா, சக்கர நாற்காலி சொல்லிடலாம். நேரா சென்னை," என்றாள் சுதா. டிக்கெட்டைப் பார்த்தே வைத்திருந்தாள்.

"பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யாரு இருப்பா?" இரண்டாவது.

"எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு தாத்தா."

மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தயிருக்கு வந்துவிட்டார்கள். போகமாட்டேன் என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் வந்ததில்லை. அதை அடுத்தவர்தான் நமக்காகச் சொல்லவேண்டும். கையெழுத்துப் போட்டேன். திருத்திய காற்புள்ளிக்கு மது நன்றி சொன்னாள்.

7

வேலு மலையடிவாரத்து ஆலங்காயத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டான். ஜீப் நிறையும் வரை டீக்கடையில் உட்கார்ந்தோம். பெட்டியை இரண்டு முறை பார்த்தான். பெரிய பெட்டி.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். தப்பா எட்துக்கக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கு பாப்பா கேட்டப்ப நான் சொன்னது ஒரு பேச்சுக்கு."

"தெரியும்டா."

"நீங்க ஊருக்கு வர்றேன்னு சொன்னதும் ஒரு பேச்சுக்குத்தான?"

"ஆமா."

டீயை ஒரு மடக்குக் குடித்தான். "அப்பறம் இன்னாத்துக்கு மாமா வந்தீங்க?"

"பாப்பா எழுதிட்டா."

"எழுதுனா இன்னா? ரப்பர் இல்லியா அவகிட்ட?"

பதினான்கு ஆண்டில் என்னை ஒருவன் முழுதாகப் புரிந்துகொண்டு பேசியது அன்றுதான். புரிந்துகொண்டவனுக்கு நான் வந்தது பிடிக்கவில்லை.

கழிவறை 'எல்லாம் கீது' என்றானே, இருக்கிறது. கதவு மட்டும் இல்லை. ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் போகும்போது இருமிக்கொண்டே போகவேண்டும். உள்ளே இருக்கும்வரை இருமவேண்டும். நான் வந்த முதல் வாரம் அஞ்சலை சாமைச் சோறும் கோழியும் போட்டாள். மூன்றாம் வாரத்தில் காலையில் மிஞ்சியதைப் போட்டாள். குறை சொல்லமுடியாது, அவள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் போட்டாள். ஆனால் மூட்டைகளை இந்த அறையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கு அர்த்தம் உண்டு.

மூன்று மாதம் முடிந்த மறுநாள், அஞ்சலை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாசலில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்கும்படிதான்.

"லண்டன்காரரு எப்ப கெளம்பறாரு?"

"மூணு மாசம்னு சொன்னாங்க அக்கா. அவங்க ஊர்ல மாசத்துக்கு எத்தினி நாளுன்னு தெர்ல."

"கணக்கு வாத்தியாராச்சே, அவரையே கேளு."

"கேட்டா மூட்டைய எண்ணிட்டு ஒண்ணு கொறையுதுன்றாரு."

உண்மையில் ஒன்று குறைந்துதான் இருந்தது. அதைச் சொன்னது உதவி என்று நினைத்தேன்.

என்னிடம் நேராகக் கேட்கும்போது மரியாதையாகத்தான் கேட்பாள். "பெரிப்பா, பாப்பாவுக்குப் பரீச்ச முடிஞ்சிச்சா?" தினமும் கேட்பாள். மதுவின் டிப்ளமா எப்போது முடியும் என்று மதுவைவிட அதிகமாகக் கவலைப்பட்டவள் அஞ்சலை.

நான் குமரேசனிடமும் வீடியோ அழைப்பில் பேசிப் பார்த்தேன். "அங்க குளிர் கொறஞ்சிருக்குமே இப்ப," என்று தொடங்கினேன். வேறு எப்படித் தொடங்குவது?

"பாப்பா ரிவியூ முடியட்டும்ப்பா. அதுல நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். நடுவுல மாத்தினா அவளுக்கு மார்க் போயிடும்."

"மார்க் இல்லடா. வரையறை."

"அதுதான்."

திரையில் அவனுக்குப் பின்னால் தெரிந்த அறை என் அறை. என் கட்டில் இருந்த இடத்தில் மதுவின் படிப்பு மேசை.

ஆக, என் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நான் அங்கே திரும்புவதா, இந்தப் பன்னிரண்டு மூட்டைக்கு நடுவில் கிடப்பதா என்பதை மதுவின் ஒரு கேள்வி முடிவுசெய்யும். இந்தமுறை ஒரு பேச்சுக்குச் சொல்வது என்பதே கூடாது என்று ஒரு வாரம் பயிற்சி செய்தேன். கழிவறையில் இருமலுக்கு நடுவே சொல்லிப் பார்த்தேன்.

8

வீட்டில் குரல் மட்டும்தான் கேட்கும், வீடியோவுக்குச் சிக்னல் கிடையாது. காவலூர்ச் சாலையில் ஒரு சிறுபாலம் இருக்கிறது, அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வேலு தன் வண்டியில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்து, பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்துகொண்டான்.

மது திரையில் வந்தாள். முடியை வெட்டியிருந்தாள். "தாத்தா, ஆறு கேள்வி. பதிவு பண்றேன், ஓகேவா?"

சாப்பாடு எப்படி? "நல்லா கீதும்மா." தூக்கம்? "குறையில்ல." பார்த்துக்கொள்பவர்கள்? வேலு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தங்கமா பாத்துக்கறாங்க."

அப்போது ஆலங்காயத்திலிருந்து வந்த ஜீப் நின்றது. ஓட்டுநர் ஏதோ சாமானை இறக்க வேலுவைக் கூப்பிட்டார். அவன் எழுந்து போனான்.

"மது, கொஞ்சம் நில்லு. நான் நல்லா இல்லன்னு சொன்னா உன் படிப்புக்குக் கெடுதலா?"

"இல்ல தாத்தா. எது உண்மையோ அதைச் சொல்லுங்க."

"அப்ப நல்லா கேட்டுக்க. எனக்கு இங்க வேணாம். ஊருக்குப் போறேன்னு சொன்னது எல்லாம் பொய். போகாதேன்னு நீங்க சொல்லணும்னுதான் சொன்னேன். எனக்கு அங்கதான் இருக்கணும், உங்ககூட. என்னைத் திரும்பக் கூட்டிக்கோ."

எழுபத்துமூன்று வயதில் முதன்முறையாக ஒன்றை நேராகக் கேட்டேன். திரையில் என் முகம் பாதிதான் தெரிந்தது.

அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு நிமிர்ந்தாள். கண் பளபளவென்று இருந்தது.

"தாத்தா, இது ரொம்ப நல்லா இருக்கு."

"எது?"

"நான் எல்லாத்தையும் பாசிட்டிவாவே எழுதி வெச்சிருந்தேன். மிஸ், 'திட்டத்தோட குறைகளையும் மதிப்பிடணும், இல்லன்னா மெரிட்தான்'னாங்க. என்ன எழுதறதுன்னே தெரியாம இருந்தேன். இப்ப டிஸ்டிங்ஷன் வந்துடும்."

"அப்ப திட்டத்தை மாத்துவ."

"திட்டம் எப்பவோ சப்மிட் பண்ணியாச்சே. அது லாக் ஆயிடுச்சு. இது ரிவியூ மட்டும்."

"சரி. அப்பாகிட்டயாவது இப்படிச் சொன்னேன்னு சொல்லு."

"நான் சொல்லக் கூடாது தாத்தா. நீங்க இதுல சொல்றது எனக்கும் மிஸ்ஸுக்கும் மட்டும்தான். உங்க பிரைவசி."

"நானே சொல்லச் சொல்றேனேம்மா."

"அதுக்கு வேற ஒரு சம்மதப் படிவம் இருக்கு. கேட்டு அனுப்பறேன்." மேசை மேல் எதையோ நகர்த்தினாள். "தாத்தா, ஒரே ஒரு உதவி. 'எனக்கு இங்க வேணாம்'ல இருந்து மறுபடி சொல்றீங்களா? உங்க வார்த்தையிலேயே இருக்கணும். மெதுவா சொல்லுங்க, டைப் பண்ணணும்."

ஜீப் புறப்பட்டுவிட்டது. வேலு தோளில் ஒரு மூட்டையோடு பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவன் காதில் விழுவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று, முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.